ஆசாரத்தில் இரண்டு குழித்தறி, பின்கட்டில் மூன்று தையல் இயந்திரம்: வீட்டுக் காப்பீடு இவற்றுக்கும் சேருமா?

கேள்வி: பவானி குழித்தறி

அனைவருக்கும் வணக்கம். பவானியில் காவிரிக் கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. வீடு மாமனார் பெயரில் உள்ளது. முன் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், அவர் காலத்துக் குழித்தறிகள் (நெய்பவர் கால் வைத்து மிதிக்கத் தரையில் குழி வெட்டி அமைத்த கைத்தறிகள்) இரண்டு இருக்கின்றன. அவற்றில் அவரும் என் கணவரும் கூலிக்கு ஜமக்காளம் நெய்கிறார்கள். பின்கட்டில் சிமென்ட் ஷீட் போட்ட தாழ்வாரத்தில் மூன்று பவர் மெஷின்களை வைத்து, ஜமக்காளத் துணியில் கைப்பை, திண்டு உறை, விரிப்பு ஆகியவற்றை நான் தைத்து விற்கிறேன். தையலுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் வருகிறார்கள். தறியில் ஏறும் நூல் கூட்டுறவுச் சங்கத்துடையது. பைக்கான துணி, உள் துணி, ஜிப், தோல் பட்டை எல்லாம் என் பணத்தில் வாங்கியவை. மெஷின்களுக்கு என் பெயரில் முத்ரா கடன் ஓடுகிறது.

வீட்டுக்கு ஒரு காப்பீட்டு பாலிசி இருக்கிறது. அதை எடுத்தபோது வந்த ஏஜென்ட், வீட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் இது சேரும் என்றுதான் சொன்னார். இந்த முறை புதுப்பிக்கும்போது தாளை முழுவதும் படித்துப் பார்த்தேன். எங்கும் ‘குடியிருப்பு’ என்றே இருக்கிறது. தறி என்றோ தையல் இயந்திரம் என்றோ சரக்கு என்றோ ஒரு சொல் இல்லை.

எனக்குப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட்டபோது, எங்கள் தெருவில் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே தறிக்குழியில் ஊறி நின்றது. மிதிகட்டைகள் மிதந்தன. நூலையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டோம்; தறியில் பிணைத்திருந்த பாவு (நீளவாக்கு நூல்) ஒன்றை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அப்போது காப்பீட்டைப் பற்றி யாருக்குமே நினைவு வரவில்லை.

என் கேள்விகள் இவைதாம். இருக்கிற வீட்டு பாலிசியே போதுமா, அல்லது தொழிலுக்குத் தனியாக எடுக்க வேண்டுமா? வீடு ஒருவர் பெயரிலும் மெஷின் இன்னொருவர் பெயரிலும் நூல் சங்கத்தின் பெயரிலும் இருக்கும்போது யார் எதற்கு எடுப்பது? தறிக்குழியில் தண்ணீர் வந்தால் அது வெள்ளம் என்று ஏற்கப்படுமா?

பதில் 1: ஈரோடு, ஓய்வுபெற்ற சர்வேயர்

சகோதரிக்கு வணக்கம். சேதத்தைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சேதம் நேர்வதற்கு முன்பே தாளைப் படித்திருக்கிறீர்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் தாளை முதன்முதலாகப் பிரித்ததே என் முன்னிலையில்தான்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரியான மூன்று பாலிசிகளை வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. வீட்டுக்கானது பாரத் கிருஹ ரக்ஷா. ஓரிடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்ந்து 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத தொழில்களுக்கானது பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. அதற்கு மேல் 50 கோடி வரைக்கும் பாரத் லகு உத்யம் சுரக்ஷா; அது உங்களுக்குத் தேவைப்படாது.

உங்களிடம் இருப்பது முதல் வகையாக இருந்தால், வீட்டுக் கட்டடத்துக்கு எழுதிய தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே காப்பு கிடைத்திருக்கும். ஏஜென்ட் ‘எல்லாவற்றுக்கும் சேரும்’ என்று சொன்னதன் வேர் இதுதான். ஆனால் அங்கே வீட்டுப் பொருள் என்பது கட்டில், பீரோ, தொலைக்காட்சி, சமையலறைச் சாமான் போன்ற குடும்பப் பொருள்களைக் குறிக்கும். விற்பனைக்காக அடுக்கி வைத்த நூறு கைப்பைகளும் மூன்று பவர் மெஷின்களும் அந்தச் சொல்லுக்குள் வாரா. அதைவிட முக்கியமாக, வீட்டின் ஒரு பகுதியில் தொழில் நடக்கிறது என்பதையும் வெளியாட்கள் வந்து வேலை செய்கிறார்கள் என்பதையும் நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், தையல் நடக்கும் தாழ்வாரத்தில் பிடித்த தீ வீட்டுக் கட்டடத்துக்குப் பரவும்போது கட்டடத்துக்கான இழப்பீட்டிலும் கேள்வி எழும். ஆகவே இன்றே அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதி, முன் ஆசாரத்தில் இரண்டு கைத்தறிகள், பின் தாழ்வாரத்தில் மூன்று மின் தையல் இயந்திரங்கள், இரண்டு பணியாளர்கள் என்று தெரிவித்து, அவர்கள் தரும் பதிலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். ஏஜென்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

தொழில் பொருள்களுக்கு இரண்டாவது வகைப் பாலிசியை உங்கள் பெயரில் எடுக்கலாம். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிதல் முதலியவை அதில் அடங்கும். திருட்டு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தீயோ வெள்ளமோ நேர்ந்து, அந்தக் குழப்பத்தில் 7 நாளுக்குள் பொருள் களவு போனால் மட்டுமே இந்தப் பாலிசி பார்க்கும். சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குக் களவுக் காப்பீடு தனியாக வேண்டும். அதிலும் பூட்டையோ கதவையோ உடைத்து நுழைந்த தடயம் இருக்க வேண்டும். ஆசாரக் கதவைச் சாத்தாமல் பின்கட்டுக்குப் போன நேரத்தில் எவரோ இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்குப் பொதுவாகக் காப்பு கிடையாது.

தறிக்குழி பற்றிக் கேட்டீர்கள். ஆறு பெருகி ஊருக்குள் நீர் புகுந்த நாளில் உங்கள் குழியிலும் நீர் நின்றால் அதை வெள்ளமாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஆற்றில் வெள்ளமில்லாத ஐப்பசி மழையில், நிலத்தடி நீர் மெல்ல ஊறிக் குழி ஈரமாகி நூல் பூஞ்சை பிடித்தால் அது படிப்படியாக நேர்ந்த கேடு. அதை யாரும் ஏற்க மாட்டார்கள். ஆகவே தண்ணீர் ஏறும் நாளிலேயே சுவரில் நீர்மட்டக் கோடு தெரியும்படி, தேதியுடன் படம் எடுத்து வைப்பது அவசியம்.

பதில் 2: சென்னிமலை, நூல் கொடுப்பவர்

அம்மணி, மேலே ஐயா எழுதியதில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன்.

நான் பெட்ஷீட் நெசவுக்கு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குபவன். என் குடோனுக்கு முழுத் தொகைக்குப் பாலிசி வைத்திருந்தேன். ஒரு தைப் பொங்கல் சமயம், எனக்கு நெய்து கொடுக்கும் ஒருவரின் வீட்டில் விளக்கு சாய்ந்து தீப்பிடித்தது. தறியில் இருந்த பாவு, மூட்டையில் இருந்த ஊடை (குறுக்கு) நூல், மடித்து வைத்த துணி எல்லாம் போயின. நூல் என்னுடையது, பாலிசியும் என்னுடையது, ஆகவே பணம் வரும் என்று நினைத்தேன். பாலிசியில் இருந்தது குடோனின் கதவு எண் மட்டுமே. நெசவாளர் வீட்டின் முகவரி அதில் இல்லை. அவரிடம் கேட்கலாமா என்றால், அவரிடம் பாலிசியே இல்லை. இருந்திருந்தாலும் அவருக்குச் சொந்தமில்லாத நூலுக்கு, ‘பிறர் ஒப்படைத்த பொருள்’ என்று அதில் தனியாக எழுதியிராவிட்டால் பணம் கிடைத்திருக்காது. அவர் அடுத்த எட்டு மாதக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தார். அதை வாங்கியது எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

ஆகவே நீங்கள் சங்கத்துச் செயலாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியது இதுதான்: உறுப்பினர் வீட்டுத் தறியில் இருக்கும் நூலும் நெய்த சரக்கும் சங்கத்தின் பாலிசியில் அடங்குகின்றனவா, அடங்கினால் உறுப்பினர் வீட்டு முகவரிகள் அதில் சேர்க்கப்பட்டுள்ளனவா? அடங்கவில்லை என்றால், சேதத்துக்கு நீங்கள் பொறுப்பு என்ற நிலை இருக்கும்வரை, நெய்பவர் தம் பெயரில் அதற்கும் காப்பு எழுதிக்கொள்வது நல்லது. நூல் வாங்கிய எடை, தேதி, திருப்பிக் கொடுத்த உருப்படி ஆகியவை பாஸ் புத்தகத்தில் அன்றன்றே ஏற வேண்டும். தீயில் எரிந்த நூல் எத்தனை கிலோ என்பதைச் சாம்பல் சொல்லாது.

வாடிக்கையாளர் எவராவது தம் சொந்தச் சேலையையோ துணியையோ கொடுத்துப் பை தைக்கச் சொன்னால் அதுவும் இதே கணக்குத்தான்.

பதில் 3: சோமனூர், நான்கு தறிக்காரர்

எங்களுடையது விசைத்தறி, வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் ஓடுகிறது. தொழில் வேறானாலும் பட்ட அடி உங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தறியின் மோட்டாரில் மின்கசிவு ஏற்பட்டு, பஞ்சுத் தூசி பற்றி, பக்கத்தில் இருந்த துணிக்கும் பாவுக்கும் தீ பரவியது. சர்வேயர் வந்து பார்த்துவிட்டு, தீ தொடங்கிய அந்த மோட்டாருக்கு மட்டும் பணம் இல்லை என்றார். ஒரு மின் சாதனம் தன்னுள்ளேயே ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்டால் கெட்டால் அந்தச் சாதனத்துக்குத் தீக் காப்பீட்டில் இழப்பீடு கிடையாது, அதிலிருந்து பரவிய தீ அழித்த மற்றவற்றுக்கு உண்டு என்பது விதி. அதற்கு இயந்திரப் பழுதுக் காப்பீடு என்று வேறொன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

அதைத் தாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது அடிதான் பெரியது. கடன் கொடுத்த வங்கி, கடன் தொகையான 4 லட்சத்துக்கு மட்டும் பாலிசி போட்டிருந்தது. கொட்டகைக்குள் இருந்த தறி, நூல், துணி எல்லாவற்றின் மதிப்பும் 8 லட்சம் என்று சர்வேயர் கணக்கிட்டார். சேதம் 2 லட்சம். எனக்குக் கணக்கு எளிதாகத் தெரிந்தது: காப்பு 4 லட்சம், சேதம் 2 லட்சம், ஆகவே முழுதாக வரும். வந்தது 1 லட்சம். பாதி மதிப்புக்குக் காப்பு எடுத்தவர் சேதத்திலும் பாதியைத்தான் பெறுவார், மீதிப் பாதிக்கு அவரே தமக்குக் காப்பீட்டாளர் என்று விளக்கினார்கள். குறை 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் இந்தப் பாலிசியில் அதைப் பொருட்படுத்துவதில்லையாம். 8 லட்சத்துக்கு 7 லட்சம் எழுதியிருந்தால் வெட்டே விழுந்திருக்காது.

வங்கி பாலிசி போட்டிருக்கிறது என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். கணக்கில் ‘இன்சூரன்ஸ்’ என்று பணம் பிடித்திருந்தால், கிளைக்குப் போய் அந்தப் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கி, முகவரி, பொருள் விவரம், தொகை மூன்றையும் பாருங்கள். இழப்பீடு முதலில் கடன் கணக்குக்குத்தான் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். நெசவாளர் வீட்டுக் கைத்தறி வீட்டு மின் இணைப்பிலேயே அனுமதிக்கப்படுகிறது. 2023 மார்ச் முதல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசமும் கொடுக்கிறார்கள். ஆனால் விற்பனைக்குப் பை தைக்கும் மின் இயந்திரங்களை அதே இணைப்பில் ஓட்டுவது வேறு விவகாரம். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, தேவையானால் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். பழைய வீட்டு வயரிங்கில் மூன்று மோட்டாரும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து ஓடுவது காப்பீட்டுக்கு முன்பே கவலைப்பட வேண்டிய விஷயம்.

கேட்டவர்: பவானி குழித்தறி

மூவருக்கும் மிக்க நன்றி. சோமனூர் அண்ணா சொன்னபடி நேற்று வங்கிக்குப் போய் நகலை வாங்கினேன். பாலிசி இருக்கிறது, என் பெயரும் கடன் தொகையான 3 லட்சமும் சரியாக இருக்கின்றன. ஆனால் முகவரி, கடன் வாங்கியபோது நான் மெஷின் போட்டிருந்த வாடகைக் கடையின் முகவரி. அந்தக் கடையை விட்டு வந்து இரண்டு ஆண்டாகிறது. இரண்டு ஆண்டுகளாக, இன்று வேறு யாரோ மளிகை வைத்திருக்கும் ஓர் இடத்துக்கு நான் பிரீமியம் கட்டிவந்திருக்கிறேன்.

இன்னும் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. மாமனாரின் தறிகள் முப்பது ஆண்டுப் பழையவை. அவற்றுக்கு என்ன மதிப்பு எழுதுவது? சிமென்ட் ஷீட் விரிசல் வழியாக மழை சொட்டித் துணி நனைந்தால் கிடைக்குமா? கோவையிலும் சென்னையிலும் கண்காட்சிக்குச் சரக்கு எடுத்துப் போகும்போது இந்தப் பாலிசி கூடவே வருமா?

பதில் 4: ஈரோடு, ஓய்வுபெற்ற சர்வேயர்

முகவரி மாற்றத்தை இன்றே வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் கொடுத்து, திருத்தச் சான்றைக் கையில் வாங்கும்வரை விடாதீர்கள். வங்கி முத்திரையிட்ட உங்கள் கடித நகலும் ஓர் ஆவணமே.

பழைய தறிக்கு இரண்டு வழிகள் உண்டு. தேய்மானம் கழித்த இன்றைய மதிப்புக்கு எழுதினால் பிரீமியம் குறையும், சேதம் நேர்ந்தால் பழைய மரத்தின் விலைதான் கிடைக்கும். புதிதாக அமைக்க ஆகும் செலவுக்கு எழுதினால், புதுத் தறி போட்ட பிறகு அந்தச் செலவு கிடைக்கும். தறி இல்லாமல் மாமனாரும் கணவரும் ஒரு வாரம்கூட உட்கார முடியாது என்பதால் இரண்டாவதே உங்களுக்குப் பொருந்தும். தறி செய்யும் ஆசாரியிடம் மரம், அச்சு, படமரம், மிதிகட்டை, குழி வேலை, கூலி எல்லாம் சேர்த்து ஒரு விலைத்தாள் வாங்கி, அதையே ஆதாரமாக வைத்துத் தொகையை எழுதுங்கள். தறி மாமனாருடையது, மெஷின் உங்களுடையது என்பதால் யாருக்கு எது சொந்தம் என்பதைப் படிவத்தில் வெளிப்படையாகப் பிரித்துக் காட்டி, இரண்டு பெயர்களையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். சொந்தமில்லாத பொருளைத் தம்முடையது என்று எழுதுவதுதான் கிளெய்மைக் கெடுக்கும்.

விரிசல் வழியே சொட்டும் மழைக்குக் கிடைக்காது. அது பராமரிப்புக் குறை. புயல் காற்றில் ஷீட் பறந்து, திறந்த கூரை வழியாக மழை இறங்கினால் அது வேறு. கூரை ஷீட் என்பதையும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். எலி, கரையான், அந்துப்பூச்சி ஆகியவற்றின் சேதமும் எதிலும் வராது.

வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே அனுப்பும் சரக்குக்கு, சாயப்பட்டறைக்குப் போகும் நூல் போன்றவற்றுக்கு, இந்தப் பாலிசியில் ஓரளவு காப்பு உண்டு. விற்பனைக்காகக் கண்காட்சிக்குப் போகும் மூட்டைக்கு அதை நம்பாதீர்கள். போக்குவரத்துக்கும் கண்காட்சி நாள்களுக்கும் தனியாகக் கேட்டு எடுங்கள்.

தையலுக்கு வரும் இருவருக்கும் ஊசி விரலில் ஏறினாலோ மின்சாரம் தாக்கினாலோ மேலே பேசிய எதுவும் உதவாது. அவர்களுக்கு ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு எடுங்கள். அத்தோடு ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் அவரவர் வங்கிக் கணக்கு வழியாகச் சேர்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

சேதம் நேர்ந்தால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். நனைந்த நூலைச் சர்வேயர் பார்க்கும்வரை வெளியே வீசாதீர்கள். வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஆற்றங்கரையில் கொட்டிவிட்டு வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மறுப்பு வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவு, பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் அங்கே எழுத வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையைக் கட்டணமில்லாமல் விசாரிப்பார்கள், குறுந்தொழில் பாலிசிகளும் அவர்கள் வரம்பில் அடங்கும். உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இல்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள். இணையத்தில் இலவசம், குறுந்தொழில் என்பதற்கு அதுவே சான்று.

கேட்டவர்: பவானி குழித்தறி

ஐயா, நீங்கள் சொன்னபடி மூன்று பட்டியல் எழுதிவிட்டோம்: மாமனாருடையது, என்னுடையது, சங்கத்துடையது. எழுதி முடித்தபோது என்னுடையது மட்டுமே 6 லட்சத்தைத் தாண்டியது. நான் 3 லட்சம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கச் செயலாளர், உறுப்பினர் வீடுகளின் பட்டியல் பாலிசியில் இருக்கிறதா என்பதை அடுத்த கூட்டத்துக்கு முன் பார்த்துச் சொல்வதாகக் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்.

புதிய பாலிசிக்கு வீட்டைப் பார்க்க வெள்ளிக்கிழமை நிறுவனத்து அலுவலர் வருகிறார். தறிக்குழியின் ஆழத்தை அளந்து வைக்கச் சொன்னார்கள். இடுப்பளவு இருக்கும் என்றார் மாமனார். டேப் வைத்துப் பார்த்தால் இரண்டே முக்கால் அடி. அப்படியே எழுதியிருக்கிறேன்.